பதினொரு புளியமரங்கள்

என் தோழியின் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். புதிதாகப் போட்ட சமையலறை மேடை, மாடியில் பாதி கட்டிய அறை, துபாயிலிருந்து வந்த கடிகாரம், எல்லாம். அதில் பீற்றிக்கொள்ளும் தொனியே இருக்காது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் போல இயல்பாகக் காட்டுவார்கள். வாணியம்பாடியில் மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்கிற குடும்பம் அது.

எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார் என்றால், அதுவும் கையில் நோட்டும் அளக்கிற டேப்பும் வைத்துக்கொண்டு வருகிறார் என்றால், இருப்பதையெல்லாம் உள்ளே தள்ளிவிடுவோம். ஆடுகள் ஓடைப் பக்கம் போய்விடும். தேன் டப்பா பானைகளுக்குப் பின்னால் போய்விடும். கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்போம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இந்த இரண்டு வீட்டுப் பழக்கங்களுக்கும் நடுவில்தான் என் அமெரிக்கா மாட்டிக்கொண்டது.

நானும் அவளும் வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் படித்தோம். நான்கு வருடமும் ஒரே விடுதி அறை. மார்க்கில் நான் கொஞ்சம் மேலே, மற்ற எல்லாவற்றிலும் அவள் மேலே. நான் சாமைச் சோறு கொண்டுபோனால் அவள் தின்பாள், அவள் வீட்டு பிரியாணி வந்தால் நான் தின்பேன். விடுதியில் மற்ற பெண்கள் என்னைப் பார்த்து "உங்க மலைல கரண்டு கீதா?" என்று கேட்கும்போதெல்லாம், "இல்லடி, இவ மின்மினிப் பூச்சி வெளிச்சத்துலதான் படிச்சி உன்னவிட மார்க் வாங்குறா" என்று அவள்தான் பதில் சொல்வாள்.

அமெரிக்கா என்ற பேச்சை முதலில் எடுத்ததும் அவள்தான். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. மாமா ஒருவர் அங்கே இருந்தார், பெரியப்பா மகன் இருந்தான். ஆம்பூருக்குப் போய்வருவதைப் பேசுவதுபோல அவர்கள் வீட்டில் அதைப் பேசுவார்கள். மூன்றாம் வருடம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "நீயும் வாயேன்டி. ரெண்டு பேரும் அங்க ஒரே ரூம் எடுத்துக்கலாம்" என்றாள்.

அவள் மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கு அங்கே காசு சேர்க்கும் ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. அங்கே போனால் நான் மலைக்காரியும் இல்லை, அவள் தோல்காரர் மகளும் இல்லை, இரண்டு பேரும் வெறும் மாணவிகள் என்று நம்பினேன். மலை, அடிவாரம் என்ற பேச்சே இல்லாத ஊர் அது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உள்ளே போன பிறகு எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் உள்ளே போவதற்கு முன்னால், நீ யார், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுத்தானே விடுகிறார்கள்.

இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எனக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும், கடனுக்கு நிலத்தைக் காட்ட வேண்டும். அவளுக்குக் கடன் தேவையில்லை. விசாவுக்காகச் சொத்து மதிப்புச் சான்றிதழ் மட்டும் போதும். இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டாளரை அவளுடைய அப்பாவே ஏற்பாடு செய்தார். ஓய்வு பெற்ற என்ஜினியர், பேச்சுக்குப் பேச்சு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மனிதர்.

வாணியம்பாடியில் அவர் வேலை செய்த அன்று நானும் உடன் இருந்தேன். தோழியின் அப்பா அவரைக் கேள்வியே கேட்கவிடவில்லை. தோல் ஊறும் பெரிய பீப்பாய்கள், கிடங்கு, பழைய வீடு, புது வீடு, கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். கடைசியில் வேலிக்காத்தான் முளைத்த ஒரு காலி மனையில் போய் நின்றார்.

"இங்க மூணு மாடி வருது சார். பிளான் போட்டாச்சி."

மதிப்பீட்டாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார். இல்லாத மூன்று மாடிக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். சாப்பிடும்போது தோழியிடம் கேட்டேன், "உங்கப்பாவுக்கு பயமே இல்லியா, எல்லாத்தையும் இப்படி காட்டுறாரே?"

"இன்னா பயம்?" என்றாள். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று உண்டு. அப்பா அதன் மேல் ஏறி நின்று நான் கூப்பிட்ட போனை எடுத்தார். "ஒரு சார் வர்றாருப்பா. நிலம், மரம் எல்லாத்தையும் பாத்து எழுதிக்கினு போவாரு. வூட்லயே இரு" என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. கடனுக்காக வருகிறார், எவ்வளவு அதிகமாகக் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நான் சொல்லவில்லை. இது யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்தேன். வாணியம்பாடியில் பிரியாணி தின்றுவிட்டு வந்த வாய்க்கு வேறென்ன தோன்றும்.

தோழி வீட்டுக் காரில் ஜமுனாமரத்தூர் வரை போய், அங்கிருந்து ஜீப் பிடித்தோம். தோழியும் வந்தாள். ஊருக்குள் நுழையும் இடத்தில் அப்பா நின்றிருந்தார். தோளில் இருக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருந்தது. அதைப் பார்த்ததுமே, யாரோ அதிகாரி வருவதாக அவர் நினைத்துவிட்டார் என்று புரிந்தது. தொழுவத்தைப் பார்த்தேன், ஒரு மாடு இல்லை. ஆட்டுப் பட்டியும் காலி. ஊரே எங்கள் வீட்டைத் துடைத்து வைத்திருந்தது.

"நிலம் எவ்ளோ பெரியவரே?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

"கொஞ்சந்தாங்க சாமி. அந்த வரப்பு வரைக்கும்."

"மேல ஒரு கொல்லை தெரியுதே?"

"அது பங்காளிங்களுதுங்க."

"இந்தப் புளியமரமெல்லாம்?"

அப்பா மரங்களை அப்போதுதான் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார். "தெரியாதுங்க. எங்க தாத்தன் காலத்துக்கு முந்தியே கீது."

மாசி வந்தால் அந்த மரங்களில்தான் அவர் குடியிருப்பார். மூன்றாவது மரத்திலிருந்து விழுந்ததில்தான் அவருடைய முழங்காலில் அந்தத் தழும்பு. "அப்பா!" என்றேன். அவர் என்னைப் பார்த்து, நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே அடக்கினார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்.

"சார், எல்லாம் எங்களுதுதான் சார்" என்று நான் குறுக்கே விழுந்தேன். மதிப்பீட்டாளர் கண்ணாடியைத் துடைத்தார். "ஓனரே இல்லங்கறாரு. நான் எப்டிம்மா எழுதறது? பட்டாவாவது காட்டச் சொல்லு."

"கரையான் அரிச்சிடுச்சிங்க" என்றார் அப்பா.

அந்தப் பட்டா எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தானியத் தொம்பை ஒன்று உண்டு. அதில் சாமைக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பத்திரமாக இருந்தது. அம்மா அந்தத் தொம்பையின் மேல் கிழிந்த கோணிகளைப் போர்த்தி, அது ஏதோ குப்பை மூட்டை என்று தோன்றும்படி செய்திருந்தாள். தோழி ஒன்றும் தெரியாமல் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஜீப்புக்கு நடந்ததும் நான் வெடித்தேன். அது கடனுக்காக என்று சொன்னதும் அப்பாவின் முகம் செத்துப்போனது. "எழுதறவங்களாண்ட காட்டுனா அது நம்முளுதா நிக்குமா? நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு மூக்கு நுனியில் கோபம். "உன்ன மாதிரி ஆளுங்களாலதான் இந்த மலையே இப்படி கீது" என்றேன். தோழி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அப்பா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

ஜீப்பில் தோழி மெதுவாகக் கேட்டாள். "உங்கப்பா ஏன்டி பொய் சொன்னாரு?"

"அது பொய் இல்ல" என்றேன்.

"அப்ப இன்னா அது?"



வங்கி கடன் தர மறுத்துவிட்டது. ஆகஸ்டில் அவள் கிளம்பினாள். அவளை வழியனுப்ப மூன்று கார்களில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், மூன்றாவது காரில் நானும் இருந்தேன். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நல்லவேளையாகப் பல்கலைக்கழகம், ஜனவரியில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியது. அதைத் தவறவிட்டால் கட்டணத் தள்ளுபடி கிடையாது என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

மதிப்பீட்டாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரை மறுபடி மலைக்கு வரவைத்தேன். இந்த முறை அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். துண்டு தோளில்தான் இருந்தது. பட்டாவைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அதிலிருந்து இரண்டு சாமை மணிகள் உதிர்ந்தன. மேல்கொல்லையைக் காட்டினார், கீழ்க்கொல்லையைக் காட்டினார். மாடுகள் தொழுவத்திலேயே நின்றன. பிறகு மரங்கள். ஒவ்வொரு மரத்தையும் தொட்டு "இதுவும் எங்களுதுங்க" என்றார். சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்துவீட்டுக்காரர்கள் வேலி ஓரம் நின்று, இவருக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டதா என்பதுபோலப் பார்த்தார்கள்.

பத்து மரம் ஆனதும் "அவ்ளோதாங்க" என்றார். எனக்குப் பதினொன்று என்று தெரியும். ஆனால் இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மரத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லோரும் ஜீப் வரை வந்துவிட்டோம். மதிப்பீட்டாளர் ஏறி உட்கார்ந்தும்விட்டார். அப்பா அங்கேயே நின்று கழுத்தைச் சொறிந்தார்.

"சார், ஓடையோரம் இன்னொண்ணு கீதுங்க."

மதிப்பீட்டாளர் இறங்கிப் போய் அதையும் பார்த்து எழுதிக்கொண்டார். அப்பா அன்று முழுக்கக் களியைத் தொடவே இல்லை. அம்மா கேட்டதற்கு "வயிறு ஒரு மாதிரி கீது" என்றார். ஒரு வாழ்நாள் பழக்கத்தை எனக்காக அவர் ஒரே காலையில் உடைத்தார். அதை நினைத்து அன்று நான் தனியாகப் போய் அழுதேன்.

கடன் கிடைத்தது. இனி விசா ஒன்றுதான் பாக்கி. தோழி அங்கிருந்து போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். "ரெண்டு நிமிஷம்தான்டி. அப்பா இன்னா பண்றாருன்னு விசா ஆபீசர் கேட்டாரு. லெதர், உங்க ஊருக்குத்தான் வருதுன்னு சொன்னேன். அவரு குனிஞ்சி அவரு ஷூவ பாத்தாரு. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். முடிஞ்சிபோச்சி. நீயும் எல்லாத்தையும் சொல்லு. மரம், மாடு, எதையும் வுடாத."

டிசம்பரில் சென்னைக்குப் போனேன். கையில் கெட்டியான ஃபைல். அதில் பட்டா, மதிப்பீட்டு அறிக்கை, மரங்களின் புகைப்படங்கள், எல்லாம் இருந்தன. பேருந்தில் வழி முழுக்க ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் மந்திரம் சொல்வதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சிரித்தார். நான் படிக்கப் போகிற பாடத்தைப் பற்றிக் கேட்டார். தடங்கல் இல்லாமல் சொன்னேன். பிறகு அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். விவசாயம் என்றேன். எவ்வளவு நிலம் என்று கேட்டுவிட்டு, ஏதோ குறித்துக்கொள்ளக் குனிந்தார்.

அவர் எழுத ஆரம்பித்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். ஃபைல் பிடித்திருந்த என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"கொஞ்சம்தான் ஐயா" என்றேன், நல்ல ஆங்கிலத்தில்.

"வேறு ஏதாவது சொத்து?"

"ஒன்றும் இல்லை ஐயா."

அவர் நிமிர்ந்தார். கோபமாகவோ கேலியாகவோ இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். "அங்கே ஒன்றும் இல்லை என்றால், படித்து முடித்து நீ ஏன் திரும்பிப் போகப் போகிறாய்?"

என்னிடம் பதினொரு மரமும் இரண்டு கொல்லையும் ஒரு தொம்பையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே என் அப்பா இருந்தார். எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஃபைலில் இருந்தன. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஒரு தாளை எடுத்து இந்தப் பக்கம் தள்ளினார்.

போளூரில் பேருந்து மாறி, மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். அன்று சந்தை. அப்பா பழம்புளி மூட்டையோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னாச்சி?"

"குடுக்கல."

"ஏன், காயிதம் எதனா கொறையா?"

"எல்லாம் இருந்துச்சி. நான் காட்டல." அதற்குமேல் மறைக்க என்னிடம் தெம்பில்லை. "இன்னா கீதுன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிட்டேன்பா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அன்று நான் கத்தியதைத் திருப்பிக் கத்த அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அவர் மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"எழுதுனாரா?" என்று கேட்டார்.

"ம்."

"அதான்" என்றார். அந்த மலையில் அதைப் புரிந்துகொள்ள அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. இருவரும் சாயங்காலம் வரை புளி விற்றோம்.

தள்ளுபடி போனது, அமெரிக்காவும் போனது. சில வருடம் எனக்கு எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தது. அந்த அதிகாரிமேல், தோழிமேல், ஷூமேல்கூட. இப்போது இல்லை. போளூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன், சனி ஞாயிறில் மகளோடு மலைக்கு வந்துவிடுகிறேன். தோழி அங்கேயே வீடு வாங்கிவிட்டாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்றோ அதிர்ஷ்டக்காரி என்றோ நான் நினைப்பதில்லை. "என்னுடையது" என்று சொல்லிப் பழகிய வீட்டில் அவள் பிறந்தாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். இப்போது எங்கள் வீட்டு வாசல் வரைக்குமே சிக்னல் வருகிறது. அவள் மகளும் என் மகளும் ஒரே வயது, ஆறு. அந்தக் குழந்தை போனைத் தூக்கிக்கொண்டு தன் அறையைச் சுற்றிக் காட்டியது. இது என் கட்டில், இது என் சைக்கிள், இது என் மீன் தொட்டி. வாணியம்பாடித் தமிழில், அவள் தாத்தா காலி மனையைக் காட்டிய அதே குரலில். பிறகு கேட்டது, "உங்க வூட்ல இன்னா கீது?"

என் மகள் வாசலில் நின்றிருந்தாள். காலடியில் ஆட்டுக்குட்டி. பக்கத்துப் பலாமரம் அடியிலிருந்து காய்த்துத் தொங்கியது. அவள் போனைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தேன். மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். அப்பாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் மரத்தைக் காட்டினேன். இரண்டாவதைக் காட்டினேன். போனில் இப்போது தோழியின் முகம் தெரிந்தது. ஓடையோரம் நிற்கும் பதினோராவது மரத்தடிக்கு வந்ததும், "இதுவுமாடி?" என்றாள்.

"எங்களுதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்னால் நின்ற அப்பா என் தோளைத் தட்டினார்.

"சத்தமா சொல்லு. அமெரிக்கா வரைக்கும் போவணுமில்ல."